ஒரு மணி நேரப் பயணமா?

“சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போக எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பதில் “விமானத்தில் ஒரு மணி நேரம்” என்பதுதான். பயணச்சீட்டு விற்கும் இணையத்தளங்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. ஆனால், தீபாவளிக்காகப் பாட்டி வீட்டுக்குப் புறப்படும் ஒரு குடும்பம், காலை ஏழேகால் மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், மதிய உணவு வேளையில்தான் பாட்டி வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுகிறது. ஒரு மணி நேரம் எப்படி ஐந்தரை மணி நேரமாயிற்று? மீதி நேரம் எங்கே ஒளிந்திருந்தது?

இது சிறுபிள்ளைத்தனமான கேள்வி போலத் தோன்றலாம். ஆனால், இதன் விடையில் குடும்பத்தின் செலவும், முதியவர்களின் வசதியும், சுற்றுச்சூழலும், இரண்டு நாடுகள் எடுக்க வேண்டிய முடிவுகளும் அடங்கியுள்ளன. விமானம் பறக்கும் நேரத்தைப் பயண நேரம் என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒப்பாகும். ஒரு வாசலிலிருந்து மறு வாசல் வரை ஆகும் நேரமே உண்மையான பயண நேரம். அப்படிக் கணக்கிடும் பழக்கம் வந்தால்தான் பயணிகளும் சரி, பாதைகளைத் திட்டமிடுவோரும் சரி, சரியான முடிவை எடுக்க முடியும்.

தூரம் ஒன்று, அளவு பல

முதலில் தூரத்தைப் பார்ப்போர் ஒரு குழப்பத்தைச் சந்திப்பர். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் வரை வானில் நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சாலை வழியே சென்றால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாலை நேராகப் போவதில்லை. ஊர்களைத் தொட்டும், ஆறுகளைக் கடந்தும், மேடு பள்ளங்களைச் சுற்றியும் அது போகிறது. வானில் அளக்கும் தூரம் இரண்டு புள்ளிகளை இணைக்கிறது. சாலையில் அளக்கும் தூரம் நடுவில் வாழும் மக்களையும் இணைக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் இது தேவைப்படும்.

இப்போது நேரத்தைக் கணக்கிடலாம். பயணிகள் விமானம் உயரத்தில் பறக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அப்படியானால், 300 கிலோமீட்டரைக் கடக்க 23 நிமிடம் போதும் என்று கணிதப் பாடம் சொல்லும். ஆனால், இந்தப் பாதையில் எந்த விமானமும் 23 நிமிடத்தில் போய்ச் சேர்வதில்லை. கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

காரணம் எளிது. விமான நிறுவனங்கள் குறிப்பிடும் நேரம் வானில் இருக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதன்று. விமானம் தான் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கிய கணத்திலிருந்து, சேருமிடத்தில் தன் நிறுத்தத்தில் வந்து நிற்கும் கணம் வரை அந்நேரம் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் புறப்படும் வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் பறக்க முடியாது. குறுகிய பயணம் என்பதால், ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய வேளை வந்துவிடுகிறது. பறக்கும் நேரம் முக்கால் மணி நேரம் என்றால், அதில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடுகிறது.

இதைச் சென்னைப் பயணத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கு உள்ள தூரத்தைப்போல அது கிட்டத்தட்டப் பத்து மடங்கு. ஆனால், விமானப் பயண நேரமோ ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். தூரம் பத்து மடங்கு கூடினாலும் நேரம் நான்கு மடங்குதான் கூடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் செலவிட்டே ஆகவேண்டிய நேரம் என்று ஒன்று இருப்பதே இதற்குக் காரணம். நீண்ட பயணத்தில் அந்நேரம் பெரிதாகத் தெரிவதில்லை. குறுகிய பயணத்தில் அதுவே பயணத்தை விழுங்கிவிடுகிறது.

சென்னைப் பயணத்தில் கடிகாரமும் சிறிது விளையாடும். மாலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரில் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து, சென்னை நேரப்படி இரவு ஏழரை மணிக்கே இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும். இரண்டு ஊர்களுக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு இருப்பதுதான் அதற்குக் காரணம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அந்தச் சிக்கலும் இல்லை. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. ஆகவே, இங்கே காணாமற்போகும் நேரத்துக்குக் கடிகாரத்தைக் குறைகூற முடியாது.

வாசலிலிருந்து வாசல் வரை

தீபாவளிக்குப் புறப்பட்ட குடும்பத்தின் பயணத்தை இப்போது மணி வாரியாகப் பின்தொடரலாம். அக்குடும்பம் அங் மோ கியோவில் வசிப்பதாகவும், பாட்டியின் வீடு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோர் கணக்கை எளிதாகப் போடலாம். விமானம் புறப்படும் நேரம் காலை பத்து மணி. இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால், டாக்சிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஏழேகால் மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். எட்டு மணிக்குச் சாங்கியை அடைகிறார்கள். பெட்டிகளை ஒப்படைத்தல், குடிநுழைவுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை, மறுபடியும் காத்திருப்பு.

பத்து மணிக்கு விமானம் நகர்கிறது. பதினொன்று பத்துக்குக் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் வந்து நிற்கிறது. மறுபடியும் நடை, மறுபடியும் குடிநுழைவுச் சோதனை, பெட்டிகளுக்காகச் சுழலும் பட்டையருகே காத்திருத்தல். வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிடுகிறது. நிலையம் இருப்பது செப்பாங்கில், நகரமோ தொலைவில். நகரின் மைய ரயில் நிலையத்துக்குச் செல்லும் விரைவு ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கிறது. ரயிலுக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு பாட்டி வீட்டை அடையும்போது மணி 12.50.

மொத்தம் ஐந்து மணி 35 நிமிடம். அதில் வானில் இருந்தது ஏறக்குறைய 45 நிமிடம். அதாவது, பயண நேரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை இந்நேரத்தால் வகுத்தால், குடும்பத்தின் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வானத்தில் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர்கள், மொத்தத்தில் ஒரு நகரப் பேருந்தின் வேகத்தில்தான் பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அதே காலையில் விரைவுப் பேருந்தில் ஏறியவர்களின் நிலை என்ன? சாலையில் நெரிசல் இல்லாத நாளில், இரு நாட்டுச் சோதனைச்சாவடிகளையும் கடந்து, ஏறக்குறைய ஐந்தரை மணி முதல் ஆறு மணி நேரத்தில் பேருந்து கோலாலம்பூரை அடைந்துவிடும். வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்குச் செல்லும் நேரத்தைச் சேர்த்தாலும், விமானத்தில் வந்தவர்களைவிட ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோதான் பிந்துவார்கள். சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறுவதைத் தவிர, மற்ற நேரத்தில் ஒரே இருக்கையில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம், உறங்கலாம், சன்னல் வழியே செம்பனைத் தோட்டங்களைப் பார்க்கலாம். விமானப் பயணத்தில் கிடைக்கும் ஓய்வு நேரமோ பத்து நிமிடம், கால் மணி என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. கைக்குழந்தையோடு செல்லும் தாய்க்கும், முழங்கால் வலியுள்ள தாத்தாவுக்கும் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

விமானம் விரைந்தது, நிலையம் விலகியது

இந்நிலை எப்படி வந்தது என்பதை அறிய வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். 1923ஆம் ஆண்டு ஜொகூர் கடற்பாலத்தில் ரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்கு முன்னர் நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1932ஆம் ஆண்டு தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் நகர மையத்துக்கு அருகிலேயே ரயிலில் ஏறிக் கோலாலம்பூரின் நடுவிலேயே இறங்கலாம். பயணம் மெதுவானதுதான். ஆனால், நிலையத்துக்குப் போவதே ஒரு பயணமாக இருக்கவில்லை.

1937ஆம் ஆண்டு சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைக்கும் விமானச் சேவை தொடங்கியது. போருக்குப் பிறகு, 1947ஆம் ஆண்டு மே மாதம், மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு வாரத்துக்கு மூன்று முறை சேவை வழங்கத் தொடங்கியது. அந்நிறுவனமே பின்னர்ப் பல மாற்றங்களைக் கண்டு, இன்றுள்ள சிங்கப்பூர், மலேசிய விமான நிறுவனங்கள் இரண்டுக்கும் மூலமாக அமைந்தது. அன்றைய விமானங்கள் சிறியவை, சுழல்விசிறிகளால் இயங்கியவை. ஆனால், அவை புறப்பட்ட காலாங் விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருந்தது.

பின்னர் விமானங்கள் பெரியவை ஆயின. அவற்றுக்கு நீண்ட ஓடுபாதைகள் தேவைப்பட்டன. இரைச்சலும் கூடியது. ஆகவே, நிலையங்கள் நகரத்தைவிட்டு நகரத் தொடங்கின. சிங்கப்பூரில் காலாங்கிலிருந்து 1955ஆம் ஆண்டு பாய லேபாருக்கும், அங்கிருந்து 1981ஆம் ஆண்டு தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கிக்கும் நிலையம் இடம்பெயர்ந்தது. மலேசியாவில் சுங்கை பீசியிலிருந்து 1965ஆம் ஆண்டு சுபாங்குக்கும், அங்கிருந்து 1998ஆம் ஆண்டு செப்பாங்குக்கும் இடம்பெயர்ந்தது. இக்காலத்தில் விமானத்தின் வேகமும் கூடியது. ஒவ்வொரு முறையும் தரையில் கடக்க வேண்டிய தூரமும் கூடியது. வானில் மிச்சம் பிடித்த நிமிடங்களைத் தரை திரும்ப வாங்கிக்கொண்டது என்றே சொல்லலாம்.

2019ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சிலேத்தாருக்கும் சுபாங்குக்கும் இடையே சிறிய சுழல்விசிறி விமானங்கள் சேவையைத் தொடங்கின. பெரிய விமானங்களைவிட அவை மெதுவாகப் பறப்பவை. ஆயினும், சிறிய நிலையம், குறைந்த நடை, நகரத்துக்கு அருகே இறங்கும் வசதி ஆகியவற்றால் பலருக்கு வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரம் குறைந்தது. வேகமான ஊர்தியே விரைவான பயணத்தைத் தரும் என்ற எண்ணம் எப்போதும் சரியாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

விமானத்தின் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவும் சொன்னதால், விமானமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. விமானத்தை விரும்புவோர் முன்வைக்கும் காரணங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பேருந்தின் ஆறு மணி நேரம் நெரிசல் இல்லாத நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதை நாள்தோறும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள். பண்டிகைக்கு முந்திய நாள்களிலும் பள்ளி விடுமுறை தொடங்கும் நாள்களிலும் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கவே சில மணி நேரம் ஆவதுண்டு. வானில் 300 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். அத்தகைய நாளில் விமானத்தில் செல்பவரே முதலில் போய்ச் சேர்வார்.

இரண்டாவது, தூரம் கூடக் கூட விமானத்தின் பயனும் கூடுகிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வானில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கே சாலை வழியே போக ஒரு முழுப் பகல் ஆகிவிடும். கூச்சிங் போன்ற ஊருக்கோ நடுவில் கடல் இருக்கிறது. சென்னைக்கு முன்பு ரஜூலா போன்ற கப்பல்களில் போனவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் இருந்தார்கள். அந்த ஒரு வாரத்தை நான்கு மணி நேரமாக்கிய விமானத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பெற்றோருக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வந்தால் அன்றே புறப்பட்டுப் போக முடிகிறதே, அது எளிதான பேறன்று.

மூன்றாவது, சிங்கப்பூர்–கோலாலம்பூர் விமானங்களில் செல்வோர் அனைவரும் இவ்விரண்டு ஊர்களுக்காக மட்டும் பயணம் செய்வதில்லை. வேறு நாட்டுக்குச் செல்லும் விமானத்தைப் பிடிப்பதற்காக மாறிச் செல்வோரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குப் பேருந்தோ ரயிலோ உதவாது.

இவை யாவும் ஏற்கத்தக்க காரணங்களே. ஆனால், இவற்றை ஊன்றிக் கவனித்தால் ஒன்று புலப்படும். முதல் காரணம் விமானத்தின் பெருமையைக் காட்டவில்லை; தரைவழியின் குறையையே காட்டுகிறது. அந்தக் குறையைப் போக்க முடியாது என்று எவரும் சொல்லவில்லை.

வேகத்தைவிடத் தடையின்மை

சிங்கப்பூர்–கோலாலம்பூர் பாதை, உலகிலேயே மிக அதிக அனைத்துலக விமானங்கள் பறக்கும் பாதை என்று 2018ஆம் ஆண்டு அறியப்பட்டது. ஓராண்டில் 30,000க்கும் மேற்பட்ட சேவைகள். நாளொன்றுக்கு எண்பதுக்கும் மேல். இதைப் பெருமையாகக் கொள்வோர் உண்டு. ஆனால், 300 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே நிலத்தொடர்ச்சியாகப் பாலத்தால் இணைந்த இரண்டு நகரங்களுக்கு இடையே இத்தனை விமானங்கள் தேவைப்படுவது ஏன் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

மற்ற நாடுகளின் அனுபவம் இதற்கு வழிகாட்டும். ஸ்பெயினின் மட்ரிட், பார்சிலோனா ஆகிய நகரங்களுக்கு இடையே ரயில் பாதை 600 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு காலத்தில் அங்கும் விமானங்களே கொடிகட்டிப் பறந்தன. 2008ஆம் ஆண்டு அதிவேக ரயில் வந்தது. பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரமாயிற்று. நகர மையத்தில் ஏறி நகர மையத்தில் இறங்க முடிந்ததால், விமானத்தை விட்டு ரயிலுக்கு மாறியோர் பலர். அவை ஒரே நாட்டு நகரங்கள்தாமே என்று கேட்கலாம். லண்டனும் பாரிசும் வெவ்வேறு நாட்டுத் தலைநகரங்கள். இடையில் கடலும் உண்டு. 1994ஆம் ஆண்டு கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு அங்கும் ரயில் ஓடுகிறது. இன்று அந்தப் பயணம் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டு அதிகாரிகளும் கடப்பிதழைச் சோதித்துவிடுவதால், இறங்கியவர் வரிசையில் நிற்காமல் வெளியே நடந்துவிடலாம்.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இத்தகைய அதிவேக ரயில் அமைக்க 2016ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடப்பது திட்டம். சிரம்பான், மலாக்கா, மூவார், பத்து பகாட் ஆகியவை உட்பட எட்டு இடங்களில் நிலையங்கள் அமைவதாக இருந்தது. ஆனால், இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வர முடியாததால், 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பல கோடி செலவாகும் திட்டம் அது. அந்தச் செலவை எவர் ஏற்பது, எப்படி ஏற்பது என்பது எளிய கேள்வியன்று. எனினும், அந்த எட்டு நிலையங்களை மறந்துவிடக் கூடாது. விமானம் மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் மேலே பறந்து போகிறது, அங்கே நிற்பதில்லை. ரயில் நின்றிருக்கும். முன்பு சொன்னதுபோல, தரைவழித் தூரம் நடுவில் வாழும் மக்களையும் இணைக்கிறது.

பெரிய திட்டம் நின்றாலும், சிறிய மாற்றங்கள் நிற்கவில்லை. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை, 2026ஆம் ஆண்டு இறுதியில் சேவை தொடங்கும் வகையில் திட்டமிடப்பட்டது. பயண நேரம் ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஒரு திசையில் ஒரு மணி நேரத்தில் 10,000 பேர் வரை செல்லலாம். இதில் கவனிக்க வேண்டியது ரயிலின் வேகமன்று. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான். இரண்டு முறை நிற்க வேண்டிய வரிசை ஒன்றாகிறது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் செல்வோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கும் வசதியும் வந்தது. காரின் வேகம் சற்றும் கூடவில்லை. ஆனால், பயண நேரம் குறைந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. குறுகிய பயணத்தில் நேரத்தைத் தின்பது தூரமன்று; தடைகளே. வேகத்தைக் கூட்டப் பணம் செலவிடுவதைவிட, தடைகளைக் குறைக்க அறிவைச் செலவிடுவது பல வேளைகளில் மிகுந்த பயன் தரும்.

கட்டணத்தில் சேராத செலவு

பயணத்தின் விலை பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட தொகை மட்டுமன்று. விமானம் தரையிலிருந்து மேலெழும்பி உயரத்தை அடையும் வரை மிகுதியான எரிபொருளைச் செலவிடுகிறது. நீண்ட பயணத்தில் அந்தச் செலவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பகிரப்படுகிறது. குறுகிய பயணத்தில் அது சில நூறு கிலோமீட்டரின் மீதே விழுகிறது. ஆகவே, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பயணி காற்றில் கலக்கும் கரிமத்தின் அளவு, குறுகிய விமானப் பயணத்திலேயே அதிகம். நிரம்பிய பேருந்தோ மின்சார ரயிலோ இதைவிடப் பல மடங்கு சிக்கனமானது.

இதை உணர்ந்துதான் பிரான்ஸ், 2023ஆம் ஆண்டு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டுப் பாதைகள் சிலவற்றில் விமானச் சேவைக்கு அது தடை விதித்தது. அதே விதியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே மாற்றாக நிற்கக்கூடிய ரயில் இன்னும் இல்லை. மாற்று வழி இல்லாமல் இருக்கும் வழியை அடைப்பது மக்களுக்குச் செய்யும் உதவியாகாது. மாற்று வழியை உருவாக்குவதே முதல் வேலை. அதுவரை, தேவைக்குப் பறப்பதையும் பழக்கத்தால் பறப்பதையும் பிரித்தறியும் பொறுப்பு பயணிகளிடம் உள்ளது.

இப்பிரித்தறிதல் கடினமானதன்று. ஒரு பயணத்துக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குப் போக வேண்டும்? எந்த நாளில், எந்த வேளையில் போக வேண்டும்? இப்பயணத்தின் முழுச் செலவு என்ன, அதை எவர் ஏற்கிறார்? பள்ளி விடுமுறையின் முதல் நாளில் போவோருக்கு ஒரு விடை கிடைக்கும். சாதாரணப் புதன்கிழமையில் போவோருக்கு வேறொரு விடை கிடைக்கும். அவசரச் செய்தி கேட்டு ஓடுவோருக்கு மூன்றாவது விடை கிடைக்கும். எல்லாருக்கும் “ஒரு மணி நேரம்” என்ற ஒரே விடையைத் தருவதுதான் பிழை.

பயணச்சீட்டு விற்போரும் இதில் உதவலாம். விமானத்தின் நேரத்தோடு, நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு ஆகும் நேரத்தையும் அருகில் குறிப்பிட்டால், பயணிகள் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும். உணவுப் பொட்டலத்தின்மேல் சர்க்கரையின் அளவைக் குறிப்பதுபோலத்தான் இதுவும். வாங்குபவரை அது தடுப்பதில்லை. தெரிந்து வாங்கச் செய்கிறது.

1923ஆம் ஆண்டு கடற்பாலம் கட்டியவர்கள், அன்றிருந்த பெரிய தடை எது என்று பார்த்தார்கள். அது நீரிணை. அதை நீக்கினார்கள். இன்று நீரிணை தடையாக இல்லை. வரிசைகளும், தொலைவிலுள்ள நிலையங்களும், இணைப்பில்லாத பாதைகளும்தான் தடைகள். அவற்றை நீக்கும் பணி, இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் சிலருடைய கைகளுக்கு ஒருநாள் வந்து சேரும். பொறியாளராகவோ, அதிகாரியாகவோ, வாக்களிக்கும் குடிமக்களாகவோ அவர்கள் அதைச் செய்வார்கள். அப்போது அவர்கள் வானத்தில் பறக்கும் நேரத்தை அளக்காமல், பாட்டியின் வீட்டு வாசல் வரை ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். பாட்டி கவனிப்பது விமானத்தின் வேகத்தையன்று. பேரப்பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருவார்கள், வருடத்தில் எத்தனை முறை வருவார்கள் என்பதைத்தான்.